மீன் கொத்தாத மீன்கொத்தியும் 130 ஆண்டுக் கதையும்

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு செய்தியை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். பள்ளியின் சுவர்ப் பத்திரிகையில் ஒட்ட வேண்டுமாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில் வாழும் ஒரு குள்ள மீன்கொத்தி 130 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகப் படமெடுக்கப்பட்டது என்பது செய்தி. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய செய்திதான் அது. யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றி, இப்போதுதான் இவன் வீட்டுக் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தாளைக் கொடுத்துவிட்டு அவன் ஒரு கேள்வியும் கேட்டான். "சார், 130 வருஷமா இந்தக் குருவி எங்கே ஒளிஞ்சிருந்தது?"

கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் தவறில்லை. செய்தியைப் படித்த எவருக்கும் எழ வேண்டிய கேள்வி அது. எழாமற்போனதுதான் வியப்பு. ஒரு பறவை 130 ஆண்டுகள் ஒளிந்திருக்க முடியாது. பறவை வாழ்வது சில ஆண்டுகள். ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படுவது ஒரு பறவையன்று. தலைமுறை தலைமுறையாகக் கூடு வைத்து, குஞ்சு பொரித்து வந்த ஒரு கூட்டம். அது எங்கும் போகவில்லை, எப்போதும் காணாமற்போகவும் இல்லை என்பதே உண்மை. அப்படியானால் 130 என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு செய்தியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது என்று தோன்றுகிறது. பறவையைப் பற்றித் தெரிந்துகொள்வது ஒரு பயன். அறிவியல் செய்திகள் நம்மிடம் வந்து சேரும் வழியில் எதை இழக்கின்றன என்பதைக் காண்பது மற்றொன்று.

முதலில் பறவை. மீன்கொத்தி என்றதும் நம் கண்முன் நிற்பது குளக்கரை. ஆனால் பெயரை நம்பிவிடக் கூடாது. நம் ஊர் வெண்மார்பு மீன்கொத்தியைத் தண்ணீரே இல்லாத புன்செய்க் காட்டில், தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கக் கண்டிருப்பீர்கள். அங்கே அது தேடுவது வெட்டுக்கிளியையும் ஓணானையும். உலகிலுள்ள ஏறத்தாழ 120 மீன்கொத்திச் சிற்றினங்களில் பெரும் பகுதி இப்படிப்பட்டவைதான். மீனை மட்டுமே நம்பி வாழ்பவை குறைவு. தென்கிழக்கு ஆசியாவிலும் நியூகினியைச் சுற்றிய தீவுகளிலும் உள்ள மழைக்காடுகளில்தான் இக்குடும்பத்தின் வகைகள் மிகுதி. அங்கே அவை காட்டுப் பறவைகள்.

சீயிக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த குள்ள மீன்கொத்திகள் அந்தக் காடுகளின் அடித்தளத்தில் வாழ்பவை. மின்டனாவோவின் பறவை அலகையும் சேர்த்து 12 செ.மீ. நீளமே இருக்கும். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. செம்மஞ்சள் மேனி, அதன்மேல் ஊதா மினுக்கு, வெள்ளைத் தொண்டை, சிவந்த அலகு. பொம்மைக் கடைப் பொருள் போலிருக்கும். பூச்சிகளும் பிற சிற்றுயிர்களும் அதன் இரை. ஓடையில்லாத இடத்திலும் அதற்கு வாழ்க்கை உண்டு.

இதன் உறவினன் ஒருவன் நம் பக்கத்திலும் உண்டு. மூவிரல் மீன்கொத்தி என்று பறவை நூல்கள் குறிப்பிடும் சீயிக்ஸ் எரித்தாக்கா மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் வாழ்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கொங்கணப் பகுதிக்கு வந்து, ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. குஞ்சுகளுக்குத் தாய் தந்தை இருவரும் கொண்டுவந்து தருவது அரணை, பல்லி, சிறு தவளை, நண்டு, சிலந்தி. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இதைப் பார்த்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: பார்த்தோம் என்பதைவிட, ஏதோ ஒரு நிறம் குறுக்கே பாய்ந்தது என்பதே சரி.

இனி 130க்கு வருவோம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பீல் ஸ்டீர் 1887-88ஆம் ஆண்டுகளில் தம் மாணவர்கள் சிலருடன் பிலிப்பைன்ஸ் தீவுகளில் பயணம் செய்து பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்தார். தீவு தீவாகச் சென்று சுட்டு, தோலைப் பதப்படுத்தி, சீட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். அக்காலத்தில் அதுவே முறை. 1890இல் அவர் வெளியிட்ட சிறு பட்டியலில் மின்டனாவோவின் குள்ள மீன்கொத்திக்கு சீயிக்ஸ் மின்டனென்சிஸ் என்றும், சமார் தீவின் பறவைக்கு சீயிக்ஸ் சமாரென்சிஸ் என்றும் பெயரிட்டார். லூசோன் தீவின் பறவைக்கு காவுப் என்ற ஜெர்மானியர் 1848இலேயே மெலனூரஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

1890ஐ 2020இலிருந்து கழித்தால் 130. அவ்வளவுதான் கணக்கு. பறவைக்குப் பெயர் வைத்த ஆண்டு அது. பறவை கடைசியாகக் காணப்பட்ட ஆண்டு அன்று. பெயர் வைத்த நாளையும் கண்ணில் பட்ட நாளையும் ஒன்றாக்கிவிட்டால், எந்தப் பறவையையும் தொலைந்துபோனதாக்கலாம். இந்தக் கணக்குப்படி நம் மூவிரல் மீன்கொத்தி 1758இலிருந்து ஒளிந்திருக்கிறது!

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 1971இல் டூபான்ட் எழுதிய பிலிப்பைன்ஸ் பறவை நூலும், 2000ஆம் ஆண்டில் கென்னடியும் அவர் தோழர்களும் வெளியிட்ட கையேடும் பிலிப்பைன்ஸின் குள்ள மீன்கொத்தியை முறையாகச் சேர்த்திருக்கின்றன. மின்டனாவோவின் கிழக்குக் கரையில் பிஸ்லிக் என்றோர் ஊர் உண்டு. அதை அடுத்த தாழ்நிலக் காடு, காகித ஆலை ஒன்றுக்காக மரம் வெட்டக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. லாரிகள் செல்லப் போட்ட மண்பாதைகளில்தான் வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடந்து சென்று தாழ்நிலக் காட்டுப் பறவைகளைப் பார்த்தார்கள். இந்த மீன்கொத்தியையும் பார்த்தார்கள். காட்டை அழிக்கப் போட்ட பாதைதான் பறவையைக் காட்டிய பாதையும் ஆயிற்று. இது எந்தத் தலைப்பிலும் வரவில்லை. வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அப்படியானால் 2020இல் நடந்தது ஒன்றுமில்லையா? அப்படியன்று. இங்குதான் எனக்கு இந்தச் செய்தியின் மேல் உண்மையான கோபம் வருகிறது.

மருத்துவரும் பறவைப் படக்காரருமான மிகெல் டேவிட் டி லியோன், மின்டனாவோவில் இயங்கும் ராபர்ட் எஸ். கென்னடி பறவைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட படத்தில் இருந்தது கூட்டை விட்டு அப்போதுதான் வெளிவந்த குஞ்சு. அவர்கள் சொன்னது, இந்தச் சிற்றினத்தின் கூடு நீங்கிய குஞ்சு முதன்முறையாகப் படமாகியுள்ளது என்பது. அது நாடு கடந்து, மொழி கடந்து, ஊடகம் கடந்து வரும் வழியில் ஒரே ஒரு சொல் உதிர்ந்துபோயிற்று. உதிர்ந்த சொல் "குஞ்சு". அந்தச் சொல் போனதும் செய்தி "முதன்முறையாகப் படமெடுக்கப்பட்ட பறவை" என்றாயிற்று. பின் 1890 வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியுமா? காட்டில் ஒரு வளர்ந்த பறவையைக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து தெரிவது, அந்தப் பறவை இதுவரை சாகவில்லை என்பது மட்டுமே. சுற்றிலும் மரம் வெட்டப்பட்ட பின் மிச்சமிருக்கும் ஒரு துண்டுக் காட்டில், வேறு போக்கிடமின்றி, துணையின்றி, கூடு வைக்க இடமின்றி அது சில ஆண்டுகள் காலம் தள்ளலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் அழகான பறவைதான். பட்டியலில் அதுவும் ஒன்று என்றே எழுதப்படும். ஆனால் குஞ்சு வேறு. குஞ்சு இருக்கிறதென்றால் ஆணும் பெண்ணும் இருக்கின்றன. வளை தோண்ட ஏற்ற இடம் சரியாத நிலையில் இருக்கிறது. பாம்புக்கும் உடும்புக்கும் தப்பி முட்டை பொரிந்திருக்கிறது. நாள்தோறும் பல முறை இரை கொண்டுவரும் அளவுக்குச் சருகுத் தரையில் பூச்சியும் சிற்றுயிரும் இருக்கின்றன. சருகு ஈரமாக இருக்கிறது. மேலே மரக்கூரை மூடியிருக்கிறது. இத்தனையும் சேர்ந்த பிறகே ஒரு குஞ்சு கிளையில் வந்து உட்காருகிறது. காடு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. எந்த மாதத்தில் இனப்பெருக்கம், எவ்வகை இடத்தில் கூடு, என்ன உணவு என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் குஞ்சிலிருந்துதான் விடை தேடத் தொடங்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு காடாக இருந்தது என்பர். நூற்றாண்டு முடிவில் அது 20 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. முதலில் போனது தாழ்நிலக் காடு. லாவான் என்று மர வணிகத்தில் பெயர்பெற்ற பெருமரங்கள் நின்றது அங்கேதான். சாலைக்கும் துறைமுகத்துக்கும் அருகிலிருந்ததும் அதுதான். குள்ள மீன்கொத்தி வாழ்வதும் அங்கேயே. மலை உச்சியில் மிஞ்சியிருக்கும் காட்டைக் காட்டி அதற்கு ஆறுதல் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட நாட்டில் "குஞ்சு இருக்கிறது" என்பதே செய்தி. "பறவை கிடைத்தது" என்பது வெறும் வேடிக்கை.

செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: மறைந்து வாழும் பறவை, கூச்சமுள்ள பறவை, பிடிகொடாத பறவை. இவையெல்லாம் பறவையின் குணம் போலச் சொல்லப்படுகின்றன. மழைக்காட்டின் தரையை எட்டும் ஒளி, மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த இருட்டில் செம்மஞ்சள் நிறம் காய்ந்த இலையோடு இலையாகிவிடும். பறவை தாழ்ந்த கிளையில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். தரையில் ஏதேனும் அசைந்தால் பாயும், பிடிக்கும், மறுபடி உட்காரும். இடம் மாறும்போது தரையை ஒட்டி அம்பு போல் போய்விடும். குரல் மெல்லிய, உச்ச ஒலி. பூச்சிகளின் இரைச்சலுக்கிடையே அதைப் பிரித்துக் கேட்கப் பழக்கம் வேண்டும். இது ஒளிவதன்று; பிழைப்பு நடத்தும் முறை. காலையில் வந்து மாலையில் திரும்பும் நமக்குத்தான் அது மறைவாகத் தெரிகிறது.

யாருக்கு மறைவு என்று கேட்டால் சில நேரம் சங்கடமான விடை கிடைக்கும். சாலமன் தீவுகளில் குவாடல்கனால் தீவின் மலைக்காட்டில் வாழும் மீசை மீன்கொத்தி இதைவிடப் பெரிய பறவை. 2015இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் அதன் ஆணை முதன்முதலாகப் படமெடுத்தபோது ஏடுகள் "பேய்ப் பறவை" என்று கொண்டாடின. அந்த மலை மக்களோ அதை ம்பாரிகுகு என்று பெயர் சொல்லி அழைத்து வந்தவர்கள். அறிவியலார் கையில் முன்பு கிடைத்திருந்த மூன்று பெண் பறவைகளில் இரண்டு 1953இல் உள்ளூர் வேடர்கள் கொண்டுவந்து கொடுத்தவையே. பெயர் உள்ள ஒன்று எப்படிப் பேயாகும்? படமெடுத்த பின் அந்த ஆண் பறவை ஆராய்ச்சிக்காகக் கொல்லப்பட்டதும் பெரிய கண்டனம் எழுந்தது. அதன் நியாய அநியாயம் வேறொரு கட்டுரைக்குரியது. இங்கே சொல்ல வந்தது, "முதன்முறை" என்ற சொல்லுக்கு முன்னால் "எங்கள் கேமராவுக்கு" என்ற இரு சொற்களை மனத்துக்குள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே.

ஏடுகளை மட்டும் குறை சொல்லிவிட்டு அறிஞர்களை விட்டுவிட முடியாது. 130 ஆண்டுக் குழப்பத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஸ்டீர் தனிச் சிற்றினமாகப் பெயரிட்ட மின்டனாவோப் பறவை பின்னர் அப்படியே இருக்கவில்லை. லூசோன், சமார், மின்டனாவோ மூன்றின் பறவைகளும் ஒரே சிற்றினம், மற்றவை துணைச் சிற்றினங்கள் என்று ஆக்கினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 2014இல் வெளியான உலகப் பறவைப் பட்டியல் மின்டனாவோப் பறவையை மறுபடி தனிச் சிற்றினமாக்கியது. ஆகவே "இந்தச் சிற்றினத்தைப் பற்றி" நூல்களில் தேடிய செய்தியாளருக்கு 1890க்கும் 2014க்கும் இடையே பெரிய வெற்றிடம் தெரிந்திருந்தால் வியப்பில்லை. பறவை அங்கேயே இருந்தது. பெயர்தான் போய்விட்டுத் திரும்பி வந்தது.

சேர்த்து எண்ணும் இந்தப் பழக்கத்துக்குத் தக்க காரணமும் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் மாய்ர் 1942இல் எழுதிய புகழ்பெற்ற நூலுக்குப் பின், இனக்கலப்புச் செய்யக்கூடிய கூட்டமே ஒரு சிற்றினம் என்ற கருத்து வலுப்பெற்றது. தீவுக்குத் தீவு நிறம் மாறிய பறவைகள் சந்தித்தால் கலக்குமா, கலக்காதா? நடுவே கடல் இருப்பதால் சோதிக்க வழியில்லை. ஐயமிருந்தால் சேர்த்து வை என்பது அக்கால மரபு. இதன்படி பிலிப்பைன்ஸ் முதல் சாலமன் தீவுகள் வரை பரவிய சீயிக்ஸ் லெபிடஸ் என்ற மற்றொரு குள்ள மீன்கொத்தி ஏறத்தாழ 15 துணைச் சிற்றினங்கள் கொண்ட ஒரே சிற்றினமாக எண்ணப்பட்டது. ஒரு தீவில் வயிறு செம்மஞ்சள், மகிராவில் வெள்ளை. ஒன்றுக்குச் சிவந்த அலகு, நியூகினியில் கருப்பு அலகு. இருந்தும் ஒரே பெயர். மலைட்டா தீவின் பறவைக்கு 1935இல் துணைச் சிற்றினப் பெயர் கொடுத்தவர் மாய்ரே.

அந்தச் சேர்ப்பால் ஒரு நல்ல கேள்வியும் பிறந்தது. 1976இல் டயமண்ட், கில்பின், மாய்ர் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று, இத்தகைய பறவைகளின் புதிரைச் சுட்டியது. இத்தனை தீவுகளுக்கும் பறந்து சென்று குடியேறிய பறவை, குடியேறியபின் ஏன் அடுத்த தீவுக்கும் போகாமல் தனித்தனியாக மாறிற்று? பறக்கத் தெரியாதென்றால் போயிருக்கவே முடியாது. பறந்துகொண்டே இருந்தால் வேறுபாடு தோன்றியிருக்காது. இதே பேரினத்தைச் சேர்ந்த நம் மூவிரல் மீன்கொத்தியின் வடக்குக் கூட்டங்கள் இன்றும் இரவில் கடல் தாண்டி வலசை போகின்றன. சிங்கப்பூரின் உயர்ந்த கட்டடங்களில் மோதி விழுந்த பறவைகளே அதற்குச் சாட்சி. தீவில் தங்கிய உறவினங்களோ அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டன போலும். பறக்க முடியாமல் அன்று. காட்டின் நிழலை விட்டு வெளியே வர மனமில்லாமல்.

2013இல் ஆண்டர்சனும் அவர் கூட்டாளிகளும் லெபிடஸ் கூட்டத்தின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, தீவுப் பறவைகள் தனித்தனிக் கால்வழிகள் என்று காட்டினார்கள். இப்போது பல பட்டியல்கள் அந்த ஒரு சிற்றினத்தைப் பத்துக்கும் மேற்பட்டவையாகப் பிரித்து எண்ணுகின்றன. பிரிப்பதே சரி என்பது என் எண்ணம். ஆயினும் பிரிப்பவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலைப் பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழியில் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது சமார், லெய்டே, மின்டனாவோ மூன்றும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. லூசோன் தனியே நின்றது. அப்படியிருந்தும் இன்றைய பட்டியல் சமார்ப் பறவையை லூசோன் பறவையோடு சேர்த்து வடக்குச் சிற்றினமாக்கி, மின்டனாவோவைத் தனியே விடுகிறது. இறகின் ஒற்றுமை அப்படிச் சொல்கிறது. நிலத்தின் வரலாறு வேறு சொல்கிறது. ஸ்டீர் மூன்றையும் தனித்தனியாகவே வைத்தார். ஒரு பேரினத்துக்கு ஓர் இடத்தில் ஒரே சிற்றினந்தான் இருக்கும் என்பது அவர் தீவு தீவாக அலைந்து கண்ட கருத்து. அதை விதியாக ஏற்க முடியாது. ஆனால் தீவைத் தனி அலகாகப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய பழைய பார்வையை அவ்வளவு எளிதில் ஒதுக்கியிருக்க வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது, பறவைக்கு அதனால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். இதற்கு விடை மின்டனாவோவில் இல்லை. அங்கிருந்து தெற்கே, சுலவெசியின் வடமுனையை நோக்கிச் செல்லும் தீவுத் தொடரில் இருக்கிறது.

அந்தத் தொடரில் உள்ள சங்கிஹே தீவில் ஒரு குள்ள மீன்கொத்தி உண்டு. இருந்தது என்று எழுதுவதா என்று தெரியாமல் "உண்டு" என்றே எழுதுகிறேன். 1898இல் மேயரும் விகிள்ஸ்வொர்த்தும் அதற்கு சங்கிரென்சிஸ் என்று பெயரிட்டனர். பின்னர் நெடுங்காலம் அது சுலவெசிக் குள்ள மீன்கொத்தியின் துணைச் சிற்றினமாகவே எண்ணப்பட்டது. சுலவெசி ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பெருந்தீவு; அங்கே அந்தப் பறவை இன்னும் அழிவின் விளிம்புக்கு வந்துவிடவில்லை. அழிவு அபாயத்தைக் கணிக்கும் உலகச் சிவப்புப் பட்டியல் சிற்றினத்துக்குச் சிற்றினம் கணக்குப் போடுகிறது. பெரிய தீவின் கணக்கில் சிறிய தீவின் பற்று அடங்கிப்போயிற்று. சங்கிஹேயில் எரிமலைச் சரிவு முதல் கடற்கரை வரை காடு தென்னந்தோப்பாகவும் சாதிக்காய்த் தோட்டமாகவும் மாறியபோது, ஒரு "துணைச் சிற்றினம்" குறைவதைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

அதே தீவில் உண்மையான மறுகண்டுபிடிப்பு ஒன்று நடந்திருக்கிறது. 1873இல் கிடைத்த ஒரே ஒரு தோலால் மட்டும் அறியப்பட்ட நீல நிற ஈப்பிடிப்பான் ஒன்று, 1998இல் தீவின் தெற்கே சகெண்டாருமான் மலையில் எஞ்சியிருந்த சிறு காட்டில் உயிரோடு காணப்பட்டது. அதற்குத் தொலைந்த பறவை என்ற சொல் பொருந்தும். ஆனால் அந்தக் காட்டைத் துருவித் தேடிய அந்தக் காலத்திலோ அதன் பிறகோ குள்ள மீன்கொத்தி உறுதியாகக் கண்ணில் படவில்லை. 1997க்குப் பிறகு அதற்கு நம்பத்தக்க பதிவே கிடையாது. 2014இல் அது தனிச் சிற்றினமாகப் பிரிக்கப்பட்டு, மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ளது, ஒருவேளை அழிந்தே போயிருக்கலாம் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது. தனிப் பெயர் கிடைத்தபோது, அந்தப் பெயருக்குரிய பறவை இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிட்டது.

2021இல் அந்தத் தீவின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் தங்கச் சுரங்கம் வைக்க உரிமம் வழங்கப்பட்டது. ஊர் மக்கள், பெரும்பாலும் பெண்கள், நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஜனவரியில் இந்தோனேசிய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்து உரிமம் ரத்தாயிற்று. அந்தச் செய்தி, மின்டனாவோக் குஞ்சின் படம் சென்ற தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செல்லவில்லை என்றே நினைக்கிறேன். அழகான படம் இல்லை. 130 போன்ற கவர்ச்சியான எண்ணும் இல்லை.

மாணவனின் தாளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். "130 ஆண்டுகள்" என்பதை அடித்தோம். "முதன்முறையாகப் படமெடுக்கப்பட்ட பறவை" என்பதையும் அடித்தோம். ஸ்டீரின் பெயரும் 1890உம் இருக்கட்டும் என்றான், இருக்கட்டும் என்றேன். தலைப்பு என்ன வைப்பது என்று அவன் சிறிது நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "மிண்டனாவோக் காட்டில் ஒரு குஞ்சு" என்று எழுதினான். ணகரத்தை மட்டும் னகரமாகத் திருத்தச் சொல்லி ஒட்ட அனுமதித்தேன். அடியில் நான்கு விரல் அகலம் இடம் மிச்சமிருந்தது. சங்கிஹேயைப் பற்றி அதில் எழுதலாமா என்று கேட்டான். எழுதினான், கடைசி வரியில் 1997 என்ற ஆண்டையும் போட்டிருக்கிறான்.